இடமாகச் சுற்றிய கப்பல் இன்ஜின்

இன்ஜின் நின்றபோது நான் உலையில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் தீர்ந்து நிற்பதென்றால் அது இருமி, முக்கி, மெதுவாக அடங்கும். அன்று அப்படி இல்லை. இரும்பில் இரும்பு அறைந்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்னாச்சு செல்லம்?" என்றாள். அந்தச் சத்தத்துக்கு ஊரே பழகிப்போயிருந்தது.

அடுப்பிலிருந்த விறகை இழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். கொட்டகை வாசலில் என் வீட்டுக்காரர் கையெல்லாம் கரியோடு நின்றிருந்தார். இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்குவது போல ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்தது.

"ஹெட்டு வெடிச்சிருச்சு," என்றார். இன்ஜினுக்கு மேல்மூடியாக இருக்கிற கனத்த இரும்பைத்தான் ஹெட்டு என்பார்கள்.

"ஒட்ட வைக்க முடியாதா?"

அவர் வயல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். நெல் கதிர் வாங்கிப் பால் கட்டுகிற நேரம் அது. ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். அந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் பால் உறைந்து மணியாகாது, எல்லாம் பதர்தான். முந்தின வருஷம் வானம் கைவிட்டு, ரேஷன் கடையில் கல்லும் புழுவும் கலந்த அரிசி வாங்கித் தின்றதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். இந்த நெல்லும் போனால் திரும்பவும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும்.

மாடு பூட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைத்தாவது காப்பாற்றலாமே என்று கேட்பீர்கள். கவலை இழுத்த ஜோடி மாட்டை விற்றுத்தான் அந்த இன்ஜினையே வாங்கியிருந்தோம்.

கப்பல்காரர் வீடு

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடலைப் பார்த்தவர்கள் அங்கே யாரும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பெயர் கப்பல்காரர் வீடு. இன்றைக்கும் என் பேரன்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது உலகச் சண்டை ஓய்ந்த சமயம். நாகப்பட்டினத்தில் ஒரு பழைய மோட்டார் படகை உடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரும் குரும்பலூரில் இருந்த என் அண்ணனும் சேர்ந்து போனார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் அப்போது அவ்வளவு ஒட்டு. ஒருவர் வெற்றிலை மடித்தால் இன்னொருவர் வாயில் போட்டுக்கொள்வார்.

அந்தப் படகில் இரண்டு இன்ஜின் இருந்தது. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. புது இன்ஜின் சீமையிலிருந்து வராத காலம். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அரியலூர் ஸ்டேஷனில் இறக்கினார்கள். அங்கிருந்து கிழக்கே எங்கள் ஊருக்கு ஒரு மாட்டு வண்டி, மேற்கே குரும்பலூருக்கு ஒரு மாட்டு வண்டி. எது யாருக்கு என்று கேள்வி வந்தபோது, "மாப்ள, நீங்க மொதல்ல எடுங்க," என்று அண்ணன்தான் சொன்னான். பெரிய ஸ்பேனர் இருந்த பெட்டி மட்டும் அவன் வண்டியோடு போய்விட்டது.

எங்கள் கொட்டகையில் வாசலில் நின்றால் இன்ஜினின் பெரிய சக்கரம் முகத்துக்கு நேரே இருக்கும். பெல்ட்டு பின்புறம், கிணற்றுப் பக்கம். முதல் நாள் சூடம் காட்டித் தேங்காய் உடைத்து ஹேண்டிலைச் சுற்றியதும் சக்கரம் கோயிலை வலம் வருகிற மாதிரி வலமாகச் சுற்றியது. பெண்கள் குலவை போட்டோம். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்ததைப் பார்த்து என் மாமியார் அழுதுவிட்டார்.

மெஷினுக்கு ஏது வலம் இடம்?

குரும்பலூரில் நடந்தது வேறு. அங்கேயும் சூடம், தேங்காய், ஊர்க்கூட்டம். ஆனால் சக்கரம் இடமாகச் சுற்றியது.

தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் கொட்டியதாம். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? என் அண்ணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "என்னா இது, அப்பிரதட்சணமா சுத்துது!" என்று கத்திவிட்டாள். சாவு வீட்டில்தான் இடமாகச் சுற்றுவார்கள். அந்த வாரமே அவர்களுடைய உழவு மாட்டில் ஒன்று பாம்பு கடித்துச் செத்தது. அவ்வளவுதான், இன்ஜினை நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அண்ணன் எங்கள் ஊருக்கு வந்து, "மாப்ள, மாத்திக்கலாம்," என்றான். "இடப்பக்கத்து இன்ஜின் எனக்கு வந்திருச்சு. எங்க வூட்ல ஆகி வரல."

இவர் கொட்டகை வாசலில் நின்று கடகடவென்று சிரித்தார். நாலு பேர் பார்க்கச் சிரித்தார். "மெஷினுக்கு ஏது மச்சான் வலம் இடம்? உங்க வூட்ல பொம்பளை சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஓடி வந்திருக்கீங்க."

"அப்படின்னா உங்களுக்கு எதுவா இருந்தாத்தான் என்னா? மாத்திக்க வேண்டியதுதானே."

இவர் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் மாற்றிக்கொள்ள ஒப்பவில்லை. மனசுக்குள் இவருக்கும் பயம்தான், அது எனக்கு அப்போதே தெரியும்.

"தெரிஞ்சுதான் நல்லதை எடுத்துக்கிட்டீங்க," என்றான் அண்ணன். "இனிமே இந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்." வீட்டில் அவனுக்காகப் போட்டிருந்த இலையில் உட்காராமலே கிளம்பிப் போனான். இவரும் சும்மா இருக்கவில்லை. "உங்க வூட்டுத் துரும்புகூட எனக்கு வேண்டாம்!" என்று தெருவில் இறங்கிக் கத்தினார்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. தை மாதம் எனக்கு வரவேண்டிய பொங்கல் சீரும் வரவில்லை. இரண்டு ஆம்பிளைகளின் ரோஷத்துக்கு நடுவில் என் பிறந்த வீடு எனக்கு இல்லாமல் போனது. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தீர்ந்ததில்லை.

பொருந்தாத ஹெட்டு

ஹெட்டு வெடித்த அன்றே இவர் அரியலூருக்குக் கிளம்பினார். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ராவுத்தர் காயலான் கடை வைத்திருந்தார். பழைய லாரி, ரைஸ்மில், எதிலிருந்து கழற்றியதாக இருந்தாலும் அவரிடம் கிடைக்கும். ஊரில் அவருக்கு இன்ஜின் ராவுத்தர் என்றே பெயர்.

அவரிடம் அளவு பார்த்து ஒரு பழைய ஹெட்டை இவர் வாங்கிக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு அச்சாக அதே மாதிரிதான். உளியால் தட்டி நட்டுகளைத் தளர்த்தி, வெடித்ததைக் கழற்றிவிட்டு இதை வைத்துப் பார்த்தால் ஒரு துளை இங்கே, ஒரு துளை அங்கே. தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கடைசியில் அதை எட்டி உதைத்துக் கால்விரலில் காயம் பட்டதுதான் மிச்சம்.

நாட்கள் போயின. இரவல் மாடு கேட்டு ஊரெல்லாம் அலைந்தோம். அவரவர் வயல் அவரவருக்கு. ஒருவர் மட்டும் இரக்கப்பட்டுக் காலையில் கொஞ்ச நேரம் கவலை இறைத்துக் கொடுத்தார். அது மேட்டுப் பாத்திக்கே போதவில்லை. கீழ் வயலில் மண் வெடிக்க ஆரம்பித்தது. நான் தினமும் ஒரு கதிரை நசுக்கிப் பார்ப்பேன். பால் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் காலையில் ராவுத்தரே வீடு தேடி வந்தார். விற்ற சாமான் பொருந்தவில்லை என்று தெரிந்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"திருச்சி, நாகப்பட்டணம் எல்லா எடத்துக்கும் சொல்லி அனுப்பிட்டேன் தம்பி. எங்கேயும் இல்லை. இதுக்கு ஜோடி ஒண்ணுதான் இருக்கு. அது குரும்பலூர்ல சும்மா நிக்குது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். ஒரு கதிரைப் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்து, "நசுக்குங்க," என்றேன். நசுக்கினார். விரலில் லேசாகத்தான் ஈரம் பட்டது.

"விலைக்குத்தான் வாங்குவேன்," என்றார். "சும்மா குடுத்தா வேண்டாம்."

கரி பஸ்

வெடித்த ஹெட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு, நான், இவர், ராவுத்தர் மூன்று பேரும் புறப்பட்டோம். அளவு பார்க்க அது வேண்டும் என்றார் ராவுத்தர்.

பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அடுப்பு, அதில் கரி. கிளீனர் காற்றாடியைச் சுற்றி அடுப்பை ஊதி, புகை கிளம்பினால்தான் பஸ் நகரும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பெரம்பலூர் போவதற்குள் என் முகத்தில் கரி. அண்ணன் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதே என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

குரும்பலூரில் அண்ணன் வயல் கண்ணில் பட்டதும் துக்கமாக இருந்தது. வெங்காயமும் மிளகாயும் விளைந்த நிலம். பாதி தரிசு, மீதியில் மானாவாரிச் சோளம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவனுடைய கிணறு இன்ஜின் கொட்டகையின் வாசலுக்கு நேரே இருந்தது. தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, இறைக்க ஆளில்லாமல்.

"நான் இங்கேயே நிக்கிறேன்," என்று இவர் களத்து மேட்டிலேயே நின்றுவிட்டார்.

விலைக்கும் இல்லை, சும்மாவும் இல்லை

கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பின்னால் ராவுத்தர் வருவதைக் கண்டதும் இறுகியது.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ தங்கச்சி. இன்ஜின் முழுசையும் வேணும்னாலும் எடுத்துக்க. பணம்னு பேசினா மட்டும் இப்படியே திரும்பிப் போயிடு. கூடப் பொறந்தவளுக்கு வித்துத் தின்னான்னு ஊரு பேசும்."

"அவரு சும்மா வாங்க மாட்டாருண்ணே."

"நான் விக்க மாட்டேன்."

ராவுத்தர் களத்து மேட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். அங்கே ஒரு முடியாது, இங்கே ஒரு முடியாது. வியர்த்துக் கொட்டியது அவருக்கு. கடைசியில், "என்கிட்ட வித்துடு தம்பி. அப்புறம் அது என் சாமான்," என்றார்.

அண்ணன் யோசித்தான். "நீங்க யாருக்கு விப்பீங்க?"

ராவுத்தர் தாடியைத் தடவினார். அவர் வேறு யாருக்கோ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பொய் சொல்லி யாவாரம் பண்ணினா ஹராம் தம்பி. உன் தங்கச்சி வூட்டுக்குத்தான் குடுப்பேன்."

"அப்ப வேணாம் பாய்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸை விட்டால் இன்னொரு நாள் போய்விடும். இன்னொரு நாள் அந்த நெல் தாங்காது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. சாக்கை அவிழ்த்து வெடித்த ஹெட்டைத் தூக்கி அண்ணன் காலடியில் போட்டேன். தரை அதிர்ந்தது.

"விக்கவும் வேண்டாம், சும்மா தரவும் வேண்டாம். இதை வச்சுக்கிட்டு அதைக் குடு. பழைய இரும்புக்குப் பழைய இரும்பு. மாத்திக்க!"

சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அண்ணனுக்கும் உறைத்தது.

"மாத்திக்கவா?" என்றான் மெதுவாக. "அன்னிக்கு நான் அதைத்தானே கேட்டு வந்தேன். நாலு பேரு முன்னால சிரிச்சாரு. இன்னிக்கு அவரு வந்து கேக்கட்டும். அவரு வாயால கேட்டா மாத்தித் தரேன்."

களத்து மேட்டுக்கு நானே போனேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கூட வந்தார். அண்ணி வாசலில் வந்து நின்றாள். ராவுத்தர் ஒதுங்கிக்கொண்டார்.

இவர் கொட்டகைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"மாத்திக்கலாம் மச்சான்," என்றார்.

அண்ணன் சிரித்துவிடக் கூடாதே என்று நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். சிரித்தால் இவர் திரும்பி நடந்துவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்ஜின் மேல் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டான். பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

கழற்றி முடித்ததும், "இந்த ஸ்பேனர் இல்லாம இறுக்க முடியாது. இதை யாருக்கும் குடுக்க மாட்டேன், நானே வரேன்," என்றான் என்னைப் பார்த்து. அண்ணி என்னிடம் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். நான் குடித்தேன். இவர் வாங்கிக்கொள்ளவில்லை.

நடுவில் நான்

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அண்ணன், நடுவில் நான், என் காலடியில் ஹெட்டு. இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பேச வேண்டியது எல்லாம் என் வழியாகத்தான். "ஜன்னலைச் சாத்தச் சொல்லு," என்பார் இவர். "புழுக்கமா இருக்குன்னு சொல்லு," என்பான் அவன்.

அரியலூரில் இறங்கியபோது ராவுத்தர் கடையைத் திறந்து, ஹெட்டுக்கு அடியில் வைக்கிற பேக்கிங் ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு விடைபெற்றார். அப்போது இவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"செல்லம், இது இடமா சுத்துற இன்ஜின் சாமான். இதை மாட்டினா நம்மதும் இடமா சுத்த ஆரம்பிச்சிட்டா?"

மெஷினுக்கு ஏது வலம் இடம் என்று சிரித்த மனுஷன்! "எப்படியோ சுத்தட்டும், தண்ணி வந்தாப் போதும்," என்றேன். ஆனால் எனக்கும் பயம் இருந்தது. எங்களிடம் சாகிறதற்கு மாடுகூடக் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. துளைகள் எல்லாம் சரியாகப் பொருந்தின. அண்ணன் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டாக இறுக்கினான். இறுக்கி முடித்ததும், வாசலில் நிற்கிற இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், இன்ஜினைச் சுற்றிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய் நின்றான். பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சந்தில் யாரும் நிற்பது வழக்கமில்லை.

இவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் சுற்றினார். புகை வந்தது, நின்றது. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முழு மூச்சோடு சுற்றினார். ஒரு அடி, இன்னொரு அடி, அப்புறம் பழைய சத்தம் பிடித்துக்கொண்டது. நான் சக்கரத்தையே பார்த்தேன். வலமாகச் சுற்றியது! குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. ஓடிப்போய் அதில் கையை நீட்டினேன். அழுகை வந்துவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து

"தங்கச்சி! இங்க வா!"

இன்ஜின் சத்தத்துக்கு மேலே அண்ணனின் குரல். ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிப்போய் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். அவன் சக்கரத்தைக் காட்டினான்.

இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலுக்கு ஓடினேன். வலம். சந்துக்கு வந்தேன். இடம். அண்ணனும் என் பின்னாலேயே வந்தான். வாசலில், இவருக்குப் பக்கத்தில், தோள் இடிக்க நின்று பார்த்தான். மறுபடி சந்துக்குப் போனான். ராட்டினத்தை முன்னால் நின்று பார்ப்பதும் பின்னால் நின்று பார்ப்பதும்தான், வேறொன்றுமில்லை.

"என் கொட்டாயில கிணறு வாசப்பக்கம்," என்றான். "பெல்ட்டு வாசப்பக்கம். நாங்க எல்லாரும் இந்தப் பக்கமா நின்னுதான் பார்த்தோம்."

அப்படியே கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு கோளாறும் இல்லாத இன்ஜின். தளும்புகிற கிணறு. தரிசாகக் கிடக்கிற வயல். இப்போது அந்த இன்ஜினுக்கு ஹெட்டும் இல்லை, அவனே கழற்றிக் கொண்டுவந்து எங்களுக்கு மாட்டிவிட்டான்.

இவர் சந்துக்குள் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிக்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சாப்ட்டுட்டுப் போங்க மச்சான்," என்றார்.

அண்ணன் அன்று எங்கள் வீட்டில் கை நனைத்தான். இலையில் இருந்த சோற்றை இரண்டு பேரும் தலைநிமிராமல் சாப்பிட்டார்கள்.

நெல் காப்பாற்றப்பட்டது. கீழ் வயலில் கொஞ்சம் பதராகப் போனது, மற்றதெல்லாம் மணி. களத்தில் தூற்றிக்கொண்டிருக்கும்போதே இவர் கொட்டகைக்குள் போய், அண்ணன் விட்டுவிட்டுப் போயிருந்த பெரிய ஸ்பேனரால் ஹெட்டைக் கழற்ற ஆரம்பித்தார். எதற்கு என்றேன்.

"மச்சானுக்கு வெங்காயம் ஊனுற நேரம்."

மறுநாள் இரண்டு பேரும் குரும்பலூருக்குப் போனோம். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த ஒரே ஹெட்டு இரண்டு கொட்டகைக்கும் மாறி மாறிப் போய்வந்தது. அது பழைய இரும்பாகி ராவுத்தர் கடைக்கே திரும்பியது தனிக்கதை.

அன்று அதை மாட்டி முடித்து, அண்ணன் ஹேண்டிலைச் சுற்றினான். சக்கரம் இடமாகச் சுற்றியது. அண்ணி வாசலிலேயே, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இப்படி உள்ளே வந்து நின்னு பாரும்மா," என்று இவர் அவளை இன்ஜினுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார்.

அண்ணி சுற்றிக்கொண்டு போனாள். சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள், அதற்கு அப்பால் கிடந்த தரிசைப் பார்த்தாள். கடைசியில் இவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அம்மாம் பெரிய சிரிப்புச் சிரிச்சீங்களேண்ணே," என்றாள், "அந்த நேரத்துக்கு ஒரு எட்டு வந்து பார்த்திருக்கக் கூடாதா?"

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் போன திசையிலேயே நடந்தார்.